தள்ளு

திங்கட்கிழமை ஏலம்.
அறுவைக் கத்திகளை ஆவியில் வேகவைத்து அடுக்கிவிட்டு
இரவு ஷிப்ட் முடிந்து வந்தவள்
கோட்டைக்கூடக் கழற்றாமல் லேப்டாப் முன் உட்கார்கிறேன்.
டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது.

பதின்மூன்று வாரச் சீட்டு.
அமெரிக்க அரசாங்கம் எடுக்கிறது.
போன வாரமும் அதுதான் எடுத்தது,
அதற்கு முந்தின வாரமும்.

சிரிக்காதீர்கள். பல்லடத்தில்
பதினோரு வருஷம் ஏலச்சீட்டு நடத்தியவள் நான்.
எவனுக்கு அவசரமோ அவன் தள்ளி எடுப்பான்.
எவ்வளவு தள்ளுகிறானோ
அவ்வளவு நெருப்பு அவன் வீட்டில்.

தறிக்காரன் சடையப்பன்
மூன்று லட்சத்தில் தொண்ணூறாயிரம் தள்ளினான்.
ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு கழிவு,
இருபது பேருக்கும் வாயெல்லாம் பல்.
எனக்கும்தான்.
அடுத்த மாதம் தறிக்கூடத்தில் பூட்டு.
மிச்சம் பதினெட்டுத் தவணையை
வளையல், ஆரம், தோடு என்று நான் கட்டினேன்.

அதனால்தான்
பத்தாயிரம் டாலருக்கு நூற்று முப்பத்தொன்று
இந்தப் பெரிய மனிதர் தள்ளியபோது
எனக்கு வயிறு கலங்கியது.
இவர் எங்கே ஓடுவார், ஓட ஊர் ஏது
என்று சொல்லிக்கொண்டேன்.
அந்தக் காசில் ஜனவரி மாத கேஸ் பில் கட்டி
வீடு முழுக்கச் சூடாகத் தூங்கினேன்.

பிறகு நூற்றொன்பது ஆனது.
இப்போது தொண்ணூற்றொன்று.

'இன்னும் இறங்கும் மாரா,
பத்து வருஷத்துக்குப் பூட்டி வை' என்கிறாள் லொரெய்ன்,
மைக்ரோவேவ் முன்னால் நின்று.
மாராத்தாள் என்று முழுசாகச் சொல்ல வராது அவளுக்கு.
பத்து வருஷம் கழித்து எனக்கு அறுபத்தெட்டு.
அவ்வளவு தூரம் கண் போகவில்லை.
பதின்மூன்று வாரம் என்றால்
ஏரி உருகிவிடும், அது தெரிகிறது.

தள்ளு குறைந்தால் நெருப்பு தணிகிறது என்று
சீட்டுக்காரிக்கு நிம்மதி.
கேஸ் பில் கட்டுகிறவளுக்கு இல்லை.
இரண்டு பேருக்கும் ஒரே ஸ்வெட்டர்.

ஏலத்துக்குப் பதிய விரல் வைத்த நேரம்
போன் அதிர்ந்தது.
முந்நூறு டாலர் வரவு.
அடிலெய்டிலிருந்து, பூவிழி சடையப்பன்.

'அத்தை, அப்பா இல்லை.
நோட்டில் உங்கள் பெயர் எழுதி வைத்திருந்தார்.
மாதாமாதம் அனுப்புகிறேன்.
வட்டி மட்டும் கேட்காதீர்கள்.'

அன்றைக்கும் இதையேதான் சொன்னாள்.
ஆறு வயது. கதவை ஒரு சாண் திறந்து
'அப்பா இல்லை.'
உள்ளே அவன் இருமியது எனக்குக் கேட்டது.
தெருவே கூடும்படி கத்தினேன்,
அவனையல்ல, எதிரே நின்றது அவள்தானே,
அவளைப் பார்த்து.
அந்த ராத்திரியே ஊரைக் காலி செய்தார்கள்.

முந்நூறையும் தனிச் சீட்டாகப் போட்டேன்.
மற்றதோடு சேர்க்க மனம் வரவில்லை.

தூக்கமும் வரவில்லை.
பத்தே முக்காலுக்கு விலை தெரிந்தது.
முந்நூறுக்குத் தள்ளு
இரண்டு டாலர் எழுபத்துமூன்று சென்ட்.

'கிடைத்தது' என்று எழுதினேன், அழித்தேன்.
'வட்டி' என்று தொடங்கினேன், அதையும்.
கடைசியில் 'சாப்பிட்டாயா' என்று அனுப்பிவிட்டுத்தான்
கணக்குப் பார்த்தேன்:
அங்கே விடியவே மூன்று மணி நேரம் இருக்கிறது.

நீலக்கோடு உடனே விழுந்தது.

அவளுக்கும்
இரவு ஷிப்ட் போல.